வயது ஏறும்போது ஞாபகம் ஏன் சட்டென்று வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தொண்டை வரைக்கும் வருது, வாயில வரமாட்டேங்குது" என்று ஒரு தடவையாவது சொல்லாதவர்கள் ஐம்பது வயதுக்கு மேல் அபூர்வம். அந்தத் தவிப்பையும் அதைச் சுற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, நினைவைப் பற்றிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். நோயாகிவிட்ட மறதி தனிக் கதை. ஆனாலும் சாதாரண மறதி எங்கே முடிகிறது என்ற கேள்வி எல்லார் மனதிலும் இருப்பதால், அதையும் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

வயதானால் ஞாபகசக்தி குறைந்துவிடும் என்பது உண்மைதானா?

பாதி உண்மை. ஞாபகம் என்று நாம் ஒரே பேச்சில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: கவனித்துப் பதிய வைப்பது, பதிந்ததைக் காத்து வைப்பது, வேண்டும்போது வெளியே எடுப்பது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு வயது கூடும்போது அதிகம் அடிவாங்குவது முதலாவதும் மூன்றாவதும். நன்றாகப் பதிந்துபோன பழைய விஷயம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து வருவதுதான் சிரமமாகிறது.

1966-ல் ஸ்கோன்ஃபீல்ட், ராபர்ட்சன் என்ற இருவர் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. 20 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களிடம் 24 சொற்கள் கொண்ட பட்டியல்களைக் காட்டினார்கள். ஒரு பட்டியலை எந்த உதவியும் இல்லாமல் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். இன்னொன்றில் பல சொற்களுக்கு நடுவே பார்த்த சொல்லை அடையாளம் காட்டினால் போதும். தானாகச் சொல்ல வேண்டியபோது இளையவர்கள் சராசரியாக 14 சொற்கள் வரை சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அதில் பாதியளவு. அடையாளம் காட்டும்போது மட்டும் எல்லா வயதினரும் ஏறக்குறைய 20 சொற்களைப் பிடித்துவிட்டார்கள். சொல் உள்ளே போகாமல் இருந்திருந்தால் அடையாளம் காட்ட முடியாது, இல்லையா?

1975-ல் அமெரிக்காவில் ஹாரி பாரிக்கும் உடன் ஆய்வாளர்களும் பள்ளித் தோழர்களை வைத்து இதே விஷயத்தைப் பார்த்தார்கள். 392 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் அப்போதுதான் பள்ளியை முடித்திருந்தார்கள். சிலர் முடித்து ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகிறது. பள்ளியை விட்டு முப்பது ஆண்டு கடந்தவர்கள்கூட, புகைப்படங்களில் தங்கள் வகுப்புத் தோழர்களைப் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் சரியாகக் காட்டினார்கள். வெற்றுத் தாளைக் கொடுத்துப் பெயர்களை எழுதச் சொன்னபோது வந்தது கொஞ்சம்தான். ஆண்டுகள் கூடக்கூட அதுவும் தேய்ந்துகொண்டே போனது.

அப்படியானால் எல்லாமே உள்ளே பத்திரமாக இருக்கிறதா?

இல்லை. அப்படிச் சொல்லி ஆறுதல்படுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். சரியாகக் காதில் விழாதது, பாதிக் கவனத்தில் கேட்டது, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து யாரோ சொன்னது, இதெல்லாம் முதலிலேயே பதிவதில்லை. பதியாததை எப்படி எடுப்பது? பெரியவர்கள் "மறந்துட்டாங்க" என்று நாம் சொல்கிறவற்றில் ஒரு நல்ல பங்கு, அவர்களுக்குச் சரியாகவே கேட்காதவை.

இன்னொன்றும் உண்டு. இரண்டு விஷயங்களைச் சேர்த்து முடிச்சுப் போடுவது வயதானால் தளர்கிறது. இந்த முகத்துக்கு இந்தப் பெயர், இந்தச் செய்தியை இன்னார் சொன்னார் என்பது மாதிரி. முகம் தனியாக ஞாபகம் இருக்கும், பெயரும் தனியாக ஞாபகம் இருக்கும், எதற்கு எது என்பது குழம்பும். மோஷே நவே-பெஞ்சமின் 2000-ல் இதைத் தனியாகச் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவும் அதை ஒட்டியே வந்திருக்கின்றன.

மற்றதெல்லாம் வருகிறது, ஆளுடைய பெயர் மட்டும் ஏன் வருவதில்லை?

எல்லா வயதிலும் முதலில் கைவிடுவது பெயர்தான். வயதாகும்போது அது இன்னும் அடிக்கடி நடக்கிறது. 1991-ல் டெபோரா பர்க் குழுவினர் பல வயதினரை நாட்குறிப்பு எழுதச் சொல்லி இதைக் கணக்கெடுத்தார்கள். வயதானவர்களுக்கு இந்தத் தவிப்பு அதிகம், அதிலும் மனிதர்களின் பெயர்களில் கூடுதல் என்று தெரிந்தது.

காரணம் பெயரின் தன்மையிலேயே இருக்கிறது. ஒருவர் தையல்காரர் என்று தெரிந்தால், கூடவே மிஷின், துணி, அளவு நாடா, தீபாவளி நேரத்துக் கெடுபிடி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஏதோ ஒரு வழியாக அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். அவர் பெயர் சுந்தரம் என்றால், அந்தப் பெயருக்கும் அவருடைய தொழிலுக்கும் முகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போவதற்கு ஒரே வழி, அதுவும் ஒலி வழி. அடிக்கடி நடமாட்டம் இல்லாவிட்டால் அந்த ஒரு வழியும் பலவீனமாகிவிடுகிறது. சமீபத்தில் கேட்காத, சமீபத்தில் வாயால் சொல்லாத பெயர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

நம் வீடுகளில் பெரியவர்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். "அதான், காரைக்குடி சித்தி மருமகன், பேங்க்ல இருந்தாரே, வழுக்கை" என்பார்கள். ஊர், உறவு, உத்தியோகம், அடையாளம் எல்லாம் வந்துவிட்டது, பெயர் மட்டும் வரவில்லை. ஆளைப் பற்றிய அறிவு அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இப்படிப் பேசுகிறவரைப் பார்த்து "மறதி வந்துடுச்சு" என்று முடிவுகட்டுவது எனக்கு எப்போதும் அவசரமாகத்தான் படுகிறது.

தொண்டையில் நிற்கும்போது என்ன செய்தால் வரும்?

முதல் எழுத்து. "சு-ல ஆரம்பிக்கும்" என்று யாராவது சொன்னால் பல சமயம் அடுத்த நொடியே பெயர் விழுந்துவிடும். தடை பெரும்பாலும் பொருளில் இல்லை, ஒலியில்தான் இருக்கிறது.

எழுத்தும் தெரியவில்லையா? விட்டுவிடுங்கள். நாட்குறிப்பு ஆய்வுகளில் பெரும்பாலான பெயர்கள் பிறகு தானாகவே வந்திருக்கின்றன, குளிக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ. வலிந்து முக்கிக்கொண்டிருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. கனடாவில் வாரினர், ஹம்ஃப்ரீஸ் இருவரும் 2008-ல் மாணவர்களிடம் செய்த சோதனையில், விடை தெரியாமல் 10 நொடி தவித்தவர்களைவிட 30 நொடி தவித்தவர்கள், இரண்டு நாள் கழித்து அதே சொல்லில் மறுபடி மாட்டிக்கொண்டது அதிகம். தவிப்பையே பயிற்சி செய்ததுபோல் ஆகிவிட்டது. அதனால் யாரையாவது கேட்டுவிடலாம், அல்லது போனில் பார்த்துவிடலாம். விடை கிடைத்ததும் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அடுத்த முறை வழி கொஞ்சம் சுலபமாகும்.

காலையில் நடந்தது மறந்துபோகிறது, அறுபது வருஷத்துக்கு முன் நடந்ததை நேற்று நடந்ததுபோல் சொல்கிறார்களே?

எண்பதை நெருங்குகிறவரிடம் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றியோ, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றியோ கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவில் நின்றோம், யார் ஓடிவந்து சொன்னார்கள் என்பது வரை வரும். வாழ்க்கையில் எதை அதிகம் நினைவுகூர்கிறீர்கள் என்று நடுவயதைக் கடந்தவர்களிடம் கேட்டால், பதில்கள் ஏறக்குறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே குவிகின்றன. டேவிட் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 1986-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இந்த மேட்டை எடுத்துக்காட்டினார்கள். முதல் வேலை, கல்யாணம், ஊர் மாறியது என்று "முதல்" என்ற சொல் வரும் அனுபவங்கள் குவிந்திருக்கும் பருவம் அது.

ஆனால் இதில் நாம் ஏமாறுகிற இடமும் உண்டு. அந்தப் பழைய கதைகள் எத்தனையோ முறை சொல்லப்பட்டவை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வழி உறுதிப்படுகிறது. 1965-ல் ஏதோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் என்ன சாப்பிட்டார் என்று அவருக்கும் தெரியாது; நாம் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். இட்லியை இட்லியோடு ஒப்பிடாமல், புயலை இட்லியோடு ஒப்பிட்டுவிட்டு "பழசு நிக்குது, புதுசு நிக்கல" என்கிறோம்.

கனடாவில் பிரையன் லெவின் குழுவினர் 2002-ல் இன்னொன்றையும் கவனித்தார்கள். ஒரு சம்பவத்தை விவரிக்கச் சொன்னால், வயதானவர்கள் அந்த நாளின், அந்த இடத்தின் நுணுக்கங்களைக் குறைவாகவும், பொதுவான தகவல்களை அதிகமாகவும் சொன்னார்கள். "அப்பல்லாம் ரேஷன்ல அரிசிக்கு வரிசைல நிப்போம்" என்று பொதுவில் வரும். "அன்னிக்கு எனக்கு முன்னாடி நின்னது யாரு" என்பது வராது.

சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே?

கதை மறக்கவில்லை. யாரிடம் சொன்னோம் என்பதுதான் மறந்துபோகிறது. நைஜல் கோபி, ஃபெர்கஸ் கிரெய்க், லின் ஹாஷர் மூவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செய்தியை யாரிடம் சொன்னோம் என்று நினைவுகூர்வதில் வயதானவர்கள் இளையவர்களைவிடத் தடுமாறினார்கள். மேலே சொன்ன முடிச்சுத் தளர்ச்சியின் இன்னொரு முகம் இது. "இதோட பத்தாவது தடவை தாத்தா" என்று சொல்லாமல், "அப்புறம் அந்த வண்டிக்காரர் என்ன சொன்னார்?" என்று கதையின் நடுவிலிருந்து எடுத்துக்கொடுத்தால், கதை கேட்டது என்று அவருக்கும் புரியும், முகமும் வாடாது.

பாட்டும் பாசுரமும் மட்டும் தடையில்லாமல் வருவது எப்படி?

அவற்றிலேயே துப்பு கட்டப்பட்டிருக்கிறது. எதுகையும் மோனையும் அடுத்து வரும் சொல் எந்த ஒலியில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற சொல்லே அடுத்த பாட்டைத் தொடங்கிவைக்கிறது. ராகமும் தாளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புத்தகம் கைக்குக் கிடைக்காத காலத்தில் நூறு பாட்டை மனதில் வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரிந்திருக்க வேண்டும்.

மார்கழியில் முப்பது பாசுரமும் பாடுகிற பாட்டியிடம் பதினேழாவது பாசுரம் எது என்று கேட்டால் விழிப்பார். முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தால் நிற்காமல் பாடுவார். பழைய பள்ளிக்கூடத்தில் அரைக்கால், முக்கால் வாய்ப்பாடு படித்தவர்களும் அப்படித்தான். ஏழு முக்கால் எவ்வளவு என்று தனியாகக் கேட்டால், உதடு அசைய ஒன்றிலிருந்து தொடங்கி ஏழுக்கு வருவார்கள்.

மூளைக்குள் என்ன மாறுகிறது?

சம்பவங்களைக் கட்டிச் சேர்ப்பதிலும் மீட்பதிலும் பெரும்பங்கு வகிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, முதுமையில் ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது. எதைத் தேடுவது, எதை ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் முன்மடலும் மெலிகிறது. அதை ஈடுகட்டவோ என்னவோ, இளையவர்கள் பெரும்பாலும் ஒரு பக்க மூளையால் செய்கிற சில வேலைகளுக்கு வயதானவர்கள் இரு பக்கத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்று ஸ்கேன் ஆய்வுகளை வைத்து ரொபெர்ட்டோ கபேசா 2002-ல் எழுதினார். அது ஈடுகட்டலா, திறன் குறைந்ததன் அடையாளமா என்ற வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வருஷ விஷயங்கள் நிறைந்துவிட்டதால் இடம் போதவில்லை என்கிறார்களே?

இடம் தீர்ந்துபோவதில்லை. ஆனால் கூட்டம் உண்டு. ஒரே மாதிரியான நினைவுகள் கூடக்கூட, தேடும்போது ஒன்றோடு ஒன்று மோதும். எழுபது வயதில் ஒருவருக்குத் தெரிந்த "ராஜேந்திரன்" எத்தனை பேர்! 2014-ல் மைக்கேல் ராம்ஸ்கார் குழுவினர், முதியவர்களின் தாமதத்தில் பெரும்பகுதி அறிவு அதிகமானதால் வருவதே என்று கணினி மாதிரிகளைக் கொண்டு வாதிட்டார்கள். முழுக்க அப்படித்தான் என்று பலர் ஏற்கவில்லை, நானும் அந்த அளவுக்குப் போக மாட்டேன். சொல்வளம் மட்டும் அறுபதைத் தாண்டியும் குறையாமல் நிற்கிறது என்பதில் சண்டை இல்லை.

மாத்திரை போட மறந்துபோவதும் இதே வகையா?

இது வேறு. இனி செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைப்பது. ஆய்வகச் சோதனைகளில் இளையவர்கள் பல சமயம் முந்துகிறார்கள். வீட்டிலிருந்து குறித்த நேரத்தில் போன் செய்ய வேண்டும் என்பதுபோல் அன்றாட வாழ்க்கையில் வைத்தால், முதியவர்கள் அவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ செய்கிறார்கள். ஒழுங்கான தினசரி நடப்பு அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

"எட்டு மணிக்கு" என்று வைத்துக்கொள்வதைவிட "காலைக் காபி குடித்ததும்" என்று ஒரு செயலோடு சேர்த்துக்கொள்வது நல்லது. கடிகாரத்தை நாமாகப் பார்க்க வேண்டும், காபி தானாக நினைவூட்டும். இன்னொரு சிக்கல், போட்டோமா இல்லையா என்ற சந்தேகம். தினமும் செய்கிற செயலில் இன்றையதும் நேற்றையதும் ஒன்றாகக் கலந்துவிடும். கிழமைவாரியாகக் கட்டம் போட்ட மாத்திரை டப்பா இந்தக் குழப்பத்தை அடியோடு தீர்க்கும். இரண்டு முறை போட்டுவிட்டால் வம்பாகும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இது அவசியம்.

வீட்டில் அடிக்கடி கேள்வி கேட்டு ஞாபகத்தைச் சோதிப்பது நல்லதுதானே?

நல்லதல்ல. வெளியூரிலிருந்து வந்த பேரன், "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?" என்று முன்னால் போய் நிற்கிறான். சுற்றி நான்கு பேர் சிரித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பாசத்தில்தான் கேட்கிறோம். ஆனால் துப்பே இல்லாமல், நேர நெருக்கடியில், மானப் பிரச்சினையோடு ஒரு பெயரை எடுக்கச் சொல்வது, வயதானவருக்கு மிகக் கடினமான தேர்வு. "பாட்டி, நான் கார்த்தி, மதுரையிலேர்ந்து வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அதற்கு மேல் உள்ளதை அவரே சொல்வார்.

ரஹால், ஹாஷர், கோல்கோம்ப் 2001-ல் வெளியிட்ட சோதனை இதற்குப் பொருத்தமானது. "இது ஞாபகசக்தித் தேர்வு" என்று அழுத்திச் சொன்னபோது முதியவர்கள் இளையவர்களைவிடப் பின்தங்கினார்கள். அந்தப் பேச்சையே எடுக்காமல் அதே வேலையைக் கொடுத்தபோது வித்தியாசம் காணாமல் போனது. நேரமும் முக்கியம். முதியவர்களில் பலர் காலைப்பொழுதுக்காரர்கள். சிந்தியா மே, ஹாஷர் முதலானோர் 1993-ல் காட்டியபடி, மாலையில் சோதித்தால் பெரிதாகத் தெரியும் வயது வித்தியாசம் காலையில் வெகுவாகக் குறைகிறது. பேங்க், பத்திரம், டாக்டர் என்று யோசித்துச் செய்ய வேண்டியதைக் காலையில் வைத்துக்கொள்வது அவர்களுக்கு உதவும்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

துப்பு கொடுத்தும் வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும். சாதாரண முதுமையில், "நேத்து சாயங்காலம் மாமா வந்தாரே, பலாப்பழம் கொண்டுவந்தாரே" என்று எடுத்துக்கொடுத்தால் "ஆமா ஆமா" என்று மீதி வந்துவிடும். எவ்வளவு எடுத்துக்கொடுத்தாலும் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியவில்லை, இது அடிக்கடி நடக்கிறது என்றால் பதிவதிலேயே கோளாறு இருக்கலாம். க்ரோபர், புஷ்கே இருவரும் 1987-ல் வெளியிட்ட, மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் நினைவுச் சோதனை இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது: முதலில் தானாகச் சொல்ல விடுவார்கள், வராததற்கு "அது ஒரு பழம்" என்பதுபோல் துப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். இதை வீட்டிலேயே செய்து தீர்ப்பு எழுத வேண்டாம். டாக்டரிடம் சொல்ல ஒரு நல்ல குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே சில நிமிடத்தில் மறுபடி கேட்பது, வழக்கமான கணக்குவழக்கு, சமையல் தடுமாறுவது, குணமே மாறியதுபோல் தெரிவது, இவையும் காட்ட வேண்டியவை. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது அவசரம். கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம்.

எல்லாம் டிமென்ஷியா என்ற மறதி நோயாக இருக்க வேண்டியதில்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் குறைவு, காது கேளாமை எல்லாம் ஞாபகத்தை மந்தமாக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். தூக்க மாத்திரையும், தூக்கம் வரவழைக்கிற பழைய வகைச் சளி மாத்திரைகளும் முதியவர்களின் நினைவைக் கலக்கக்கூடியவை. டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்பது 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் மதிப்பீடு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கெனத் தனிப் பிரிவு வந்துவிட்டது. எங்கே போவது என்று தெரியாவிட்டால், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ல் கேட்கலாம்.

சுடோகு, வல்லாரை, நடைப்பயிற்சி, எது பலன் தரும்?

சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அது பெயர்களை மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வல்லாரைத் துவையல் சுவையானது. மறதியை நிறுத்தும் என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் இல்லை.

நடை வேறு கதை. கிர்க் எரிக்சன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேர் ஓராண்டு வேகநடை பயின்றார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது; வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. அதனால் ஞாபகம் எவ்வளவு கூடும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை, ஆனால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்பதால் நஷ்டமில்லை. காது மெஷினைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து டிராயரில் போட்டுவைப்பவர்களுக்கு ஒரு தகவல்: லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 டிமென்ஷியா அபாயங்களில் காது கேளாமையும் ஒன்று. பார்வைக் குறைவும் அதில் இருக்கிறது.

படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது எந்த வயதிலும் அதிகம் உதவுகிறது. இரவில் பேரக்குழந்தைக்கு அன்றைய நாளிதழ்ச் செய்தியைச் சொல்வதுகூட அந்தப் பயிற்சிதான். அதை அவர்களாக விரும்பிச் செய்ய வேண்டும். நாம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் மறுபடி தேர்வாகிவிடும்.

கல்யாண மண்டபத்தில் எதிரே ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார், பெயர் வரவே இல்லை. என்ன செய்வது?

முதலில், இது உங்கள் வயதின் குற்றம் மட்டுமல்ல. வழக்கமாகப் பார்க்கிற இடமே ஒரு துப்பு. தினம் பார்க்கும் மளிகைக் கடைக்காரர் பட்டு வேட்டியில் வந்து நின்றால் முப்பது வயதுக்காரரும் திணறுவார். நேரம் வாங்குங்கள்: "எப்ப வந்தீங்க, கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டால் பதிலில் ஊரோ உறவோ விழும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். மனைவியோ கணவரோ பக்கத்தில் இருந்தால், உங்களுக்குப் பெயர் தெரியவில்லை என்று புரிந்து "நீங்க...?" என்று அவர்களே கேட்கும்படி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எதுவும் பலிக்காவிட்டால், "முகம் நல்லா தெரியுது, பேர்தான் வாயில நிக்குது, சொல்லிடுங்களேன்" என்று கேட்டுவிடுங்கள். அவருக்கும் உங்கள் பெயர் தெரியாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.